வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவது எப்படி?

மாலை நேரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சமன்பாட்டைக் கொடுத்தால் மளமளவென்று தீர்த்துவிடுகிறார்கள். அதையே நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. 'அதிகம்' என்றால் கூட்டு, 'குறைவு' என்றால் கழி என்று ஒற்றைச் சொல்லைத் தேடிப் பழகியதுதான் பெரும்பாலும் காரணம். சொல்லோடு ஒட்டியிருக்கும் வேற்றுமை உருபைப் பாருங்கள். வழி அங்கேதான் இருக்கிறது.

தெரியாத எண்ணுக்கு 'எ' என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் வரும். எந்த எழுத்தானாலும் சரி.

'12லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்றால் 12 − எ. 'ஓர் எண்ணிலிருந்து 12ஐக் கழிக்க' என்றால் எ − 12. 'லிருந்து' ஒட்டியது முன்னால், 'ஐ' ஒட்டியது கழித்தல் குறிக்குப் பின்னால். வகுத்தலில் 'ஆல்' ஒட்டியது கீழே போகும்: '20ஐ ஓர் எண்ணால் வகுக்க' என்பது 20/எ.

அப்புறம் அடைப்புக்குறி. 'ஓர் எண்ணின் 3 மடங்குடன் 5ஐக் கூட்டினால் 26' என்பது 3எ + 5 = 26. 'ஓர் எண்ணுடன் 5ஐக் கூட்டி, வந்ததை 3ஆல் பெருக்கினால் 36' என்பது 3(எ + 5) = 36. 'கூட்டி' என்று ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கினால், முடிந்த வேலையை அடைப்புக்குள் வையுங்கள். இரண்டிலும் எ = 7தான்; போட்டுப் பாருங்கள்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் 'மடங்கு'. 'ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள்' என்பதை, மாணவர்களுக்கு 'ம', பேராசிரியர்களுக்கு 'ப' என்று வைத்துக்கொண்டு, பலர் 6ம = ப என்று எழுதிவிடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இதே கணக்கைக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறவிட்டார்கள். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளை குழம்பினால் திட்டாதீர்கள். வாக்கியத்தில் 6க்குப் பக்கத்தில் மாணவர் வருவதால் கை அப்படியே எழுதிவிடுகிறது. 'ம' என்பது மாணவர் அல்ல, மாணவர்களின் எண்ணிக்கை. சந்தேகம் வந்தால் ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்: பேராசிரியர் 10 என்றால் மாணவர் 60. 60 = 6 × 10. அப்படியென்றால் ம = 6ப.

எண்ணை வைத்துப் பார்க்கும் இந்த வழியைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். எழுத்தைக் கண்டு பயப்படும் பிள்ளையிடம் முதலில் ஒரு விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் சரியா என்று சோதிக்க அவர் செய்யும் கணக்கை எழுதவைத்து, ஊகித்த எண் இருக்கும் இடத்தில் எல்லாம் எழுத்தைப் போடச் சொல்லுங்கள். சமன்பாடு தயார்.

வயதுக் கணக்கில் பாருங்கள். அம்மாவின் வயது மகள் வயதைப் போல் 4 மடங்கு; 6 ஆண்டுகளுக்குப் பின் இருவர் வயதின் கூடுதல் 52. மகளுக்கு 10 என்று ஊகித்தால் அம்மாவுக்கு 40. பிறகு 16, 46, கூடுதல் 62. ஊகம் பொருந்தவில்லை, ஆனால் கணக்கின் வடிவம் கிடைத்துவிட்டது. மகளின் வயதான 10 இருந்த இடத்தில் 'வ' போட்டால்: (வ + 6) + (4வ + 6) = 52. அம்மாவுக்கும் 6 வயது கூடும் என்பதும் தானாகவே வந்துவிட்டது. வ = 8, அம்மாவுக்கு 32.

காசுக் கணக்கில் எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு. உண்டியலில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 30. பணம் 96 ரூபாய். 5 ரூபாய் நாணயங்கள் 'ந' என்றால் மற்றவை 30 − ந. சமக்குறியின் வலப்பக்கம் ரூபாய் இருப்பதால் இடப்பக்கமும் ரூபாயாகவே இருக்க வேண்டும்: 5ந + 2(30 − ந) = 96. ந = 12. சரிபார்க்கும்போது சமன்பாட்டில் போடாமல் வாக்கியத்திலேயே போடுங்கள்: 5 ரூபாய் நாணயம் 12, அது 60 ரூபாய், 2 ரூபாய் நாணயம் 18, அது 36 ரூபாய். சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.