சபையில் சுகாதார ஊழியம்: வருஷத்துக்கு ஒரு முகாம் போதாது

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு சேர்ந்து சுகாதார ஊழியத்தைக் கவனித்து வருகிறேன். "அக்கா, எங்க சபையிலயும் தொடங்கணும், எதுல ஆரம்பிக்க?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இலவச முகாம். பந்தல் போட்டு, வெளியூர் டாக்டர்களை வரவழைத்து, நூற்றுக்கணக்கான பேருக்குப் பிரஷர் பார்த்து அனுப்புவோம். சீட்டில் 170 என்று எழுதி வாங்கிப் போன பெரியம்மா அடுத்த மாதம் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இருக்காது. பிரஷரும் சுகரும் வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறவை. சபைக்கு இருக்கிற பெரிய பலமே, அதே ஜனம் வாராவாரம் அதே பெஞ்சில் வந்து உட்காருவதுதான். எந்த ஆஸ்பத்திரிக்கும் அது வாய்க்காது. அதனால் முகாமை விடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், ஆலய வராண்டாவில் ஒரு மேசை போடுங்கள். மாதம் தவறாமல் போடுங்கள்.

1980-களில் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லுத்தரன் போதகர், ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து சபைகளில் செவிலியரை அமர்த்தினார். ஊசி போடுவதற்காக அல்ல. உட்கார்ந்து கேட்பது, சொல்லிக்கொடுப்பது, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புவது, இதுதான் அவர்கள் வேலை. நம் வேலையும் இவ்வளவுதான். மாத்திரை கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் மீதி மருந்தை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். அதையும் வாங்காதீர்கள்.

மேசை போடுவதற்கு முன்னால் இரண்டு சந்திப்பு முக்கியம். ஒன்று, சேகர கமிட்டி. ஐயர் (எங்கள் பக்கம் போதகரை இப்படித்தான் சொல்வோம்) வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, தீர்மானமாக மினிட்ஸில் ஏற வேண்டும். இன்னொன்று, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். மருத்துவ அலுவலரையும் கிராம சுகாதார செவிலியரையும் நேரில் பார்த்து, "நாங்கள் ஆளை அனுப்பினால் எந்த நாளில் அனுப்பட்டும்?" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் யார் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஆட்கள் அதிகம் வேண்டாம். செவிலியர் ஒருவர், எழுத்து வேலைக்கு ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், ஆளை ஏற்றிப் போக பைக் வைத்திருக்கிற வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர். கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுகிறதை வாங்குங்கள். பருத்த கைக்கும் பொருந்துகிற பெரிய பட்டை ஒன்று சேர்த்து வாங்குங்கள். சின்னப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

வந்தவரை ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. நம் ஜனத்துக்கு இதுதான் கஷ்டம், ஆனாலும் விடாதீர்கள். ஓரிரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 180-க்கு 120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலக்குறைவு, வாய் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108. அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சுகர் பார்க்கும்போது, எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுங்கள். காலைத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறுகிற) ஆராதனைக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் 126, மற்ற நேரத்தில் 200, இதற்கு மேல் வந்தால் லேபில் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். "உங்களுக்குச் சுகர்" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒரு புது லான்செட் (விரலில் குத்துகிற சின்ன ஊசி). குத்தியதைத் தடித்த, மூடியுள்ள டப்பாவில் போட்டுச் சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். ஆலயக் குப்பைத் தொட்டியில் விழக்கூடாது, பெருக்குகிற அம்மாவின் கையில் குத்தும்.

இனி நம் சபைகளுக்கே உரிய காரியம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் சுகர்காரர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலின் குத்திக்கொண்டு, மதியம்வரை பட்டினி இருந்தால் சுகர் இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கூட இருப்பவர்கள் பலவீனம் என்று நினைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள்) தொடங்குமுன்னே, உபவாசம் இருக்க விரும்புகிற சுகர்காரர் டாக்டரிடம் கேட்டுவிட்டு இருக்கட்டும் என்று ஐயரே அறிவிக்க வேண்டும். நான் சொன்னால் ஆலோசனை, ஐயர் சொன்னால் கேட்பார்கள்.

அதே பிரசங்க பீடத்திலிருந்து இன்னொன்றும் வர வேண்டும்: ஜெபித்துச் சுகம் கிடைத்தது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்களில் இப்படி நிறுத்தியவர்களை வார்டிலேயே பார்த்திருக்கிறேன். எசேக்கியா ராஜாவுக்காகக் கர்த்தருடைய வார்த்தையைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்மேல் போடச் சொன்னார். மருந்து விசுவாசக் குறைவு ஆகாது.

ஜெபக்குறிப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இன்னாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஒலிபெருக்கியில் வாசிப்பது அன்பு அல்ல. கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்ணுக்கு வலிப்பு என்று வெளியே போனால் அந்த வீடு அப்புறம் சபையில் யாரையும் நம்பாது. பெயரைச் சொல்லலாமா, வியாதியைச் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிவு நோட்டு பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும். கமிட்டி உறுப்பினருக்கும் காட்ட வேண்டாம்.

ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஐயர் திருவிருந்து கொண்டுபோகும்போது நீங்களும் மெஷினோடு போங்கள். பிரஷரைவிட அந்த வீட்டு மகளையோ மருமகளையோ கவனியுங்கள். ஞாபகமறதி வந்த மாமியாரை விட்டு நகர முடியாமல் பேங்குக்குக்கூடப் போகாதவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் போய் உட்கார, சங்கத்தில் முறை போட்டு ஆள் அனுப்புங்கள். பைசா செலவில்லாத இந்தக் காரியத்தைத்தான் நம் ஊழியத்திலேயே நான் உயர்வாக மதிக்கிறேன். தூக்கமில்லை, சாகணும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். கூட உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.

ஒவ்வொரு மேசையும் முடிந்ததும், போன மாதம் அனுப்பினவர்களில் யார் டாக்டரைப் பார்க்கவில்லை என்று நோட்டைப் பார்த்து, அந்த வாரமே வீட்டுக்குப் போங்கள். ஐயருக்கு மாற்றல் வரும், செவிலியர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விடுவார். ஆகவே நோட்டு எழுதவும் மெஷின் பிடிக்கவும் ஆரம்பத்திலேயே இரண்டு பேருக்குச் சேர்த்துப் பழக்கி வையுங்கள்.