நேக்கட் பைக் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: குமரி மாவட்டச் சாலைகளில் நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை வரை போய்விட்டுத் திரும்பும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், எங்களுக்குள் ஓடும் பேச்சு பல வருடங்களாக ஒன்றுதான். கேடிஎம் 390 டியூக் நல்லதா, ட்ரையம்ப் ஸ்பீட் 400 நல்லதா, பல்சர் என்எஸ்400இசட் போதுமா, இல்லை கடன் வாங்கியாவது கவாசாகி இசட்900 எடுத்துவிடலாமா? ஒருவர் 46 பிஎஸ் (இன்ஜின் சக்தியின் அளவு, குதிரைத்திறன் மாதிரி) என்பார். இன்னொருவர் 125 பிஎஸ் என்பார். எண் பெரியதாக இருந்தால் பேச்சும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பேச்சைக் கேட்டு வண்டி எடுத்துவிட்டு, ஆறே மாதத்தில் விற்ற மூன்று பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். வண்டியில் குறை எதுவும் இல்லை. நம்முடைய சாலையையும் காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்காமல் வண்டியைத் தேர்ந்தெடுத்ததுதான் பிரச்சினை.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங் மூடி இல்லாமல், இன்ஜினும் சட்டமும் வெளியே தெரியும்படி இருப்பது நேக்கட் பைக். ஹேண்டில்பார் அகலமாக இருக்கும், உட்காரும் நிலை ஓரளவு நிமிர்ந்து இருக்கும். 1993இல் விற்பனைக்கு வந்த டுகாட்டி மான்ஸ்டர்தான் இந்த வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. நம்மூரில் 2013இல் வந்த முதல் 390 டியூக்தான் பல இளைஞர்களுக்கு இந்த ஆசையை ஏற்படுத்தியது.

பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

2023இல் வந்த புதிய 390 டியூக் 46 பிஎஸ் தருகிறது. ஆனால் அந்த 46 முழுதாகக் கிடைப்பது 8,500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 8,500 முறை சுற்றும்போது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை எத்தனை இடத்தில் இன்ஜினை 8,500 வரை முறுக்க முடியும்? பார்வதிபுரம் தாண்டினால் வில்லுக்குறி வளைவு, தக்கலை நெரிசல், நடுவில் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் டாரஸ் லாரிகள். பாதி நேரம் இரண்டாவது, மூன்றாவது கியரில் 3,000க்கும் 5,000க்கும் இடையில்தான் இன்ஜின் சுற்றும். அந்த இடத்தில் வண்டி எப்படி இழுக்கிறது என்பதுதான் நம் தினசரி வாழ்க்கை.

390 டியூக்கின் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 39 நியூட்டன் மீட்டர், 2023இல் வந்த ஸ்பீட் 400இன் டார்க் 37.5. இரண்டும் 6,500 ஆர்பிஎம்மில்தான் உச்சத்தைத் தொடுகின்றன. எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஓட்டினால் வேறு வேறு வண்டி. ஸ்பீட் 400 கீழே இருந்தே நிதானமாக இழுக்கும். டியூக் ஐந்தாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் முழுதாக விழிக்கும், அதற்குக் கீழே அதிக கியரில் வைத்தால் கொஞ்சம் உதறும். உச்ச எண் சொல்வது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு புள்ளியை. அந்தப் புள்ளி வரை ஏறும் பாதையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அதனால் டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது நாலுவழிச் சாலையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்து ‘செம வண்டி’ என்று முன்பணம் கட்டாதீர்கள். வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றி, முடிந்தால் மதிய வெயிலில், இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் தொடையில் எவ்வளவு சூடு அடிக்கிறது, கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை வலிக்கிறதா, இரண்டாவது கியரில் 20 வேகத்தில் முறுக்கினால் உதறாமல் போகிறதா என்று பாருங்கள்.

விலைப் பேச்சிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 312 சிசி அப்பாச்சி ஆர்டிஆர் 310 ஒரு பக்கமும் 400 சிசி வண்டிகள் மறு பக்கமும் வருகின்றன. ஆறு மாதத்துக்கு முன் நண்பர் வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஷோரூமில் அன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

முதல் பெரிய வண்டியாகவே மிகப் பெரிய வண்டியை எடுப்பது

இதைச் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சொல்கிறேன். 390 டியூக்கின் எடை 168 கிலோ. 75 கிலோ ஆள் ஏறினால் மொத்தம் 243 கிலோ. 46 பிஎஸ்ஸை அதால் வகுத்தால் கிலோவுக்கு 0.19. இசட்900 சுமார் 212 கிலோ, 125 பிஎஸ். அதே ஆள் ஏறினால் கிலோவுக்கு 0.44. இரண்டு மடங்குக்கும் மேல். 150 சிசியிலிருந்து நேராக இதற்குத் தாவுகிறவரின் வலது கைக்கு இந்த வித்தியாசம் பழகியிருக்காது. ஒரு பள்ளத்தில் குலுங்கி, தெரியாமல் கை கொஞ்சம் முறுக்கிவிட்டால்கூட வண்டி பாய்ந்துவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்குப் படிநிலை உரிமம் இருக்கிறது. 18 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமத்தில் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47.6 பிஎஸ் வரையுள்ள வண்டிதான் ஓட்டலாம். அதில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் பெரிய வண்டி. 390 டியூக் போன்றவை அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே நிற்பதைக் கவனித்தால், இந்த வரம்பு எவ்வளவு முக்கியம் என்று புரியும். நம் நாட்டில் கியர் உள்ள பைக்குக்கு ஒரே உரிமம்தான். 18 வயதுப் பையன் சட்டப்படியே 180 குதிரைத்திறன் வண்டியை எடுக்கலாம். சட்டம் தடுக்கவில்லை என்பதால் அந்த இரண்டு வருடப் பழக்கம் தேவையில்லை என்று ஆகிவிடாது. அதை நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆரல்வாய்மொழிக் காற்றை மறப்பது

நேக்கட் பைக் பற்றி வெளியூரில் எழுதுகிறவர்கள் சொல்லாத விஷயம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மா வரிசை கட்டி நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காலத்தில், குறிப்பாக ஆடி மாதத்தில், அந்தக் காற்று கார் கதவையே கையிலிருந்து பறிக்கும். ஃபேரிங் இல்லாத வண்டியில் அது நேராக உங்கள் நெஞ்சில் அடிக்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல இன்ஜினுக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் 60இல் சுகமாக இருக்கும் வண்டி 120இல் கழுத்தைப் பின்னால் இழுக்கும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. காற்றுக்குப் பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். பக்கவாட்டுக் காற்று உடம்பைத் தள்ளும்போது, விறைத்த கை வழியாக அந்தத் தள்ளல் அகலமான ஹேண்டில்பாருக்கு அப்படியே போகிறது. வண்டியைத் திருப்புவது காற்று என்று நினைக்கிறோம். உண்மையில் காற்று நம் கையைக் கொண்டு திருப்புகிறது.

முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடியுங்கள். முழங்கையை மடக்கி, கையைத் தளர்த்துங்கள். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வேகத்தை 60, 70க்குக் குறையுங்கள். இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் இடம் விட்டு ஓட்டுங்கள். லாரியை முந்தும்போது இன்னும் கவனம் வேண்டும். லாரியின் மறைவில் காற்று நின்றுவிடும், நாமும் அதற்குத் தகுந்தபடி வண்டியைச் சரித்துக்கொள்வோம். லாரியின் முகப்பைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக வரும். அதை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஒரு குலுக்கல். எதிர்பார்க்காதவர் அடுத்த தடத்துக்குள் போய்விடுவார்.

ரப்பர் இலையும் முதல் மழையும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து சாலை சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். அரை மணி நேரம் ஒரு கடையில் ஒதுங்கி நில்லுங்கள். நல்ல மழை கழுவிவிட்டுப் போன பிறகு கிளம்புங்கள்.

ரப்பர் தோட்டங்கள் வேறு கதை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும். நான் விழுந்தது அப்படி ஒரு ஜனவரிக் காலையில், திருவட்டாறு தாண்டி ஒரு வளைவில். மழை இல்லை. வேகம் 35தான் இருக்கும். பனியில் நனைந்த இலை, நிழல் விழுந்த சாலை. வளைவின் நடுவில் இலையைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மூடி முன் பிரேக்கை அழுத்தினேன். முன் சக்கரம் நழுவிய சத்தம்கூடக் கேட்கவில்லை. கையுறை போடாத உள்ளங்கைதான் முதலில் தரையில் ஊன்றியது. மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் கட்டு. அந்த வண்டியில் ஏபிஎஸ் இருந்தது. ஆனால் சாதாரண ஏபிஎஸ், வண்டி நிமிர்ந்து போகும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாய்ந்திருக்கும் டயருக்குப் பிடிமானமே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்?

390 டியூக்கில் சாய்வைக் கணக்கிடும் கார்னரிங் ஏபிஎஸ் இருக்கிறது, ஸ்பீட் 400இல் இருப்பது சாதாரண இரட்டைச் சேனல் ஏபிஎஸ். மலையடிவாரச் சாலையில் அதிகம் ஓட்டுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆறு பிஎஸ் வித்தியாசத்தை விட இதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும். அப்புறம், கார்னரிங் ஏபிஎஸ் இருந்தாலும் இலை மேல் பிடிமானம் வந்துவிடாது. வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மெல்லியதாக, ஒரே சீராக வைத்திருங்கள்.

முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கமும் பலரிடம் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. முதலில் மெதுவாகத் தொட்டு, எடை முன்னால் இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஆள் இல்லாத மைதானத்தில் 40 வேகத்தில் ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். டியூக்கில் உள்ள சூப்பர்மோட்டோ மோடு பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவிடும். யாராவது ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால், முதலில் அந்த மோடைப் பாருங்கள்.

உப்பு

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் வீடு இருந்தால், இன்ஜினும் போல்ட்டும் வெளியே தெரியும் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே துடைத்து லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடியுங்கள். செயின் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், ‘இறுக்கமாக இருந்தால் நல்லது’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

காகித வேலையும் கழற்றிப் போடுவதும்

புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வருடம் என்பது மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும். நம் வண்டியின் சேதத்துக்கானது பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பாலிசியை எடுத்து அந்தத் தேதியை இன்றைக்கே பாருங்கள். சத்தத்துக்காக சைலன்சரை மாற்றியிருந்தால் அபராதம் ஒரு பக்கம், கிளெய்ம் கேட்கும்போது தகராறு இன்னொரு பக்கம்.

எல்லைக்கு அப்பால் களியக்காவிளை தாண்டி, விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கேரளப் பதிவு வண்டியை வாங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவு, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் அது மலிவா என்று தெரியும். கடன் பாக்கி இருக்கிறதா என்பதை ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பாருங்கள்.

கடைசியாக, அழகு கெடுகிறது என்று முதல் நாளே சேலை கார்டைக் கழற்றுவது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் மறைக்கும் தடுப்பு, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதைக் கழற்ற மாட்டார்கள்.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஆசையாகப் பார்த்து வைத்திருந்த வண்டியின் பின் சீட்டில் என் மனைவி பத்து நிமிடம் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும், “இதுல மார்த்தாண்டம் வரைக்கும் என்னால வர முடியாது, கேட்டீங்களா” என்றாள். அடுத்த வண்டியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். ஆறு பிஎஸ் குறைவான அந்த வண்டியைத்தான் எடுத்தோம். அன்று முதல் அவள் பின்னால் இருக்கிறாள்.