மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் இரத்தக்குழாய்களைப் படமெடுத்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

சுண்டெலியின் மண்டையோடு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனே உடையது. ஆயினும் அதன் வழியாக மூளையைப் பார்த்தால் பால்போன்ற வெண்மைதான் தெரியும். எலும்பு ஒளியை விழுங்குவது இதற்குக் காரணமன்று, சிதறடிப்பதே காரணம். எலும்பிலுள்ள கனிமத்தின் ஒளிவிலகல் எண் 1.6-ஐ ஒட்டியும், கொலாஜன் என்னும் புரத இழைகளுடையது அதைவிடக் குறைவாகவும், நுண்துளைகளில் உள்ள நீருடையது 1.33 ஆகவும் இருப்பதால், இவை சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி திசைமாறுகிறது. வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி ஆவதை நாம் பார்த்திருக்கிறோம். இழைகளுக்கு இடையிலிருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதால் ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு குறைகிறது. மண்டையோட்டிலும் நாம் செய்யப்போவது ஏறக்குறைய அதுவே.

இத்துறையில் தொடர்ந்து உழைத்துவருவது சீனாவின் வூஹானிலுள்ள ஹுவாசோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டான் ஜூ குழு. 2018-இல் அக்குழு வெளியிட்ட, யூரியாவை அடிப்படையாகக் கொண்ட இருகரைசல் முறையையே இங்கு விளக்குகிறேன். விலங்காய்வு நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியும், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

முதலில் கரைசல்கள். 75 விழுக்காடு எத்தனாலில் யூரியாவைத் தெவிட்டும் வரை கரைத்து, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் முதற்கரைசல் கிடைக்கும். 0.7 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் டோடெசில்பென்சீன்சல்போனிக் அமிலத்தைக் கலப்பது இரண்டாவது. அதன் பி.எச். அளவு 7.2-க்கும் 8.0-க்கும் இடையில் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே எலும்பின்மீது விட வேண்டும். காரம் மிஞ்சிய கரைசல் திசுவை அரித்துவிடும்.

அடுத்து, எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்குமாறு சூடேற்றும் தட்டின்மேல் கிடத்தி, கண்கள் உலராதிருக்கக் களிம்பு இடவும். தலைமுடியை நீக்கி, தோலை நடுக்கோட்டில் கீறி விலக்கியதும் எலும்பின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறை தென்படும். தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். உறையில் ஒரு நூலிழை எஞ்சினாலும் கரைசல் அவ்விடத்தில் இறங்காது. படத்தில் அங்கே மங்கலான வெண்திட்டு நிற்கும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் நீக்க முடியாது. ஆகவே பஞ்சுக் குச்சியால் பொறுமையாகத் துடைத்தெடுத்து, இரத்தக்கசிவு முற்றிலும் நின்ற பின்னர், நடுவில் துளையுள்ள தலைப்பிடி வளையத்தைப் பல் சிமெண்டால் ஒட்டவும். வளையத்துக்கும் எலும்புக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் கரைசல் வழிந்தோடிவிடும்.

கரைசலை விடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேறு சான்று இராது.

இப்போது முதற்கரைசலை வளையத்துக்குள் விட்டுச் சுமார் 10 நிமிடம் காத்திருக்கவும். யூரியா கொலாஜன் இழைகளின் பிணைப்பைத் தளர்த்துகிறது, எத்தனால் கொழுப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. பின்னர் அதை ஒற்றியெடுத்துவிட்டு இரண்டாவது கரைசலைச் சுமார் 5 நிமிடம் விடவும். வெண்மை மெல்லக் கலைந்து, முதலில் நடுக்கோட்டுப் பெருஞ்சிரையும் அதன்பின் அதிலிருந்து பிரியும் கிளைகளும் செந்நிறத்தில் துலங்கும். எலும்புத் தட்டுகள் இணையும் தையல் கோடுகள் மட்டும் தெளிவு குறைந்தே இருக்கும், அது இயல்பு. நீரில் அமிழும் லென்சைப் பயன்படுத்துவோர், கரைசலும் நீரும் கலந்துவிடாமல் இடையில் மெல்லிய ஒளிபுகு படலம் ஒன்றைக் குமிழி இல்லாமல் விரிக்க வேண்டும்.

படமெடுக்க லேசர் ஸ்பெக்கிள் முறை தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்பது என் கருத்து, ஏனெனில் இதற்குச் சாயம் செலுத்தத் தேவையில்லை. ஃபெர்ச்சரும் பிரையர்ஸும் 1981-இல் முன்வைத்த இம்முறையில், லேசர் ஒளி திசுவில் பட்டுச் சிதறுவதால் உண்டாகிக் கேமராவில் பதிவாகும் புள்ளிக் கோலத்தை 5×5 அல்லது 7×7 பிக்சல் கட்டங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒளிச்செறிவின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுக்கிறோம். குருதி விரைந்து ஓடும் இடத்தில் கோலம் கலங்கி இந்த எண் குறைவதால், குழாய்கள் கருங்கோடுகளாகத் தெரியும். மண்டையோடு தெளியாத நிலையில், அசையாத எலும்பு சிதறடிக்கும் ஒளியும் இதில் கலந்து ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும். சிறு குழாய்கள் அறவே மறைந்துவிடும். ஓட்டத்தின் அளவைக் கணிக்கும்போது எலும்பைத் தெளிவாக்குவது இன்றியமையாததாவது இதனால்தான்.

முடிந்ததும் உடலியல் உப்புநீரால் நன்கு கழுவினால் எலும்பு மீண்டும் வெண்மையாகும். இன்னொரு நாள் அதே எலியில் இதைத் திரும்பச் செய்யலாம். அப்போது லேசரின் திறன், கேமராவின் ஒளியேற்ற நேரம், லென்சின் உருப்பெருக்கம் மூன்றையும் முதல் நாள் குறித்து வைத்தபடியே அமைக்கவும்.