தேபாவ் மட்டக்குதிரை: தீனியால் கெடுப்பவர்கள்

தென்சீனத்தின் குவாங்சியில், தேபாவ் சுண்ணாம்புக்கல் மலைப்பக்கத்து மட்டக்குதிரையைப் புதிதாக வளர்ப்பவர்களைப் பார்த்தால், ஒருகாலத்தில் நான் அடித்த கூத்தெல்லாம் வரிசையாக நடக்கிறது. பின்னால் போய் நின்று உதை வாங்குவதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. ஒரு உதையில் புத்தி வந்துவிடும்.

குட்டி என்று நினைப்பது

வளர்ந்த குதிரையே தோள்மேட்டில் 106 செ.மீ.க்குள்தான். வயதைப் பல்லில் பாருங்கள்.

தீனி போட்டு வளர்க்கப் பார்ப்பது

இதைக் கண்டால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. அந்தக் குள்ளம் மரபணுவில் வந்தது. டிபிஎக்ஸ்3 என்ற மரபணுவுக்கு அதில் பங்கு உண்டு என்கின்றன ஆய்வுகள். மக்காச்சோளம் கொட்டினால் உயரம் கூடாது. கல்லுக்கு நடுவே கிடைத்ததை மேய்ந்து மூட்டை சுமந்த இனம் இது, கொஞ்சத்திலேயே உடம்பு வைத்துவிடும்.

ஒருவர் தன் குதிரையின் பளபளப்பைக் காட்டிப் பெருமைப்பட்டார். பிடரியின் அடியில் கொழுப்பு கட்டை போல இறுகியிருந்தது. கொஞ்ச நாளில் அது முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு நின்றது. சோம்பேறித்தனம் என்று கயிற்றைப் பிடித்து இழுக்கிறார் மனுஷன்! குளம்பில் கை வைத்தால் சுடுகிறது. குளம்பழற்சி. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சி இன்சுலின் எகிறினால், குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசு நெகிழ்ந்துவிடும்; முற்றினால் எலும்பே திரும்பிக் கீழே இறங்கும். அப்புறம் மருத்துவர், லாடக்காரர், மாதக்கணக்கில் செலவு. பழைய நடை திரும்புவது நிச்சயமில்லை.

பயந்துபோய் ஒரேயடியாகப் பட்டினி போடுவது அடுத்த முட்டாள்தனம். உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து ஈரலை அடைத்துவிடும், உயிரே போகும். நூறு கிலோ குதிரைக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உலர்புல். சர்க்கரை குறைய அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துவிட்டுப் போடுங்கள்.

பெரியவர்கள் ஏறுவது

வேண்டாம். குழந்தை ஏறட்டும்.

குடற்புழு மருந்தைக் கண்ணளவில் கொடுப்பது

நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தால் பெருக்கி, 11,900ஆல் வகுங்கள். செ.மீ.யில் அளந்திருந்தால் வருவது குதிரையின் எடை, கிலோவில். மருந்தை அதற்கேற்பக் கொடுங்கள். டேப் வாங்கக் காசில்லையா என்ன?

பெரிய பொலிகுதிரையோடு சேர்ப்பது

1981இல்தான் சீன ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்த இனம், அதைக் கலப்பினமாக்காதீர்கள். உயரமான குதிரை வேண்டுமென்றால் வேறு இனத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.