சுசூகா ரேஸும் ஜப்பான் சுற்றுலாவும்: ஒரே பயணத்தில் இரண்டையும் முடிப்பது எப்படி?

எனக்கு ஃபார்முலா 1 பைத்தியம். என் மனைவிக்கு அது கொசு ரீங்காரம். சுசூகா தடத்தில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயத்துக்காக 2024 ஏப்ரலில் இருவரும் சேர்ந்து ஜப்பான் போனோம். மூன்று நாள் எனக்கு, ஐந்து நாள் அவருக்கு என்று ஒப்பந்தம். சண்டை இல்லாமல் திரும்பினோம், ஆனால் பணத்தில் நன்றாகச் சூடு பட்டது. அந்தச் சூடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விசா, வங்கி அட்டை பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: தேதியைப் பாருங்கள்

சுசூகா பந்தயம் முன்பு பெரும்பாலும் அக்டோபரில் நடந்தது. புயல் காலம் அது. 2019இல் ஹகிபிஸ் புயலுக்காகச் சனிக்கிழமை நிகழ்ச்சிகளை ரத்து செய்து, தகுதிச் சுற்றையும் பந்தயத்தையும் ஞாயிறு ஒரே நாளில் நடத்தினார்கள். 2024இல் பந்தயம் ஏப்ரலுக்கு வந்தது. புயல் பயம் போனது, கூடவே செர்ரிப் பூக்களும் கிடைத்தன. ஆனால் பூ பார்க்க உலகமே அப்போது ஜப்பானில்தான் இருக்கும். அதனால்தான் அடுத்த படி.

படி 2: முதலில் அறை, அப்புறம் டிக்கெட்

எல்லோரும் டிக்கெட்டைத்தான் முதலில் வாங்குவார்கள். என் கருத்து நேர் எதிர். பணம் திரும்பக் கிடைக்கும் அறை ஒன்றை, சுசூகாவுக்குப் பக்கத்துப் பெரிய நகரமான நாகோயாவின் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் முதலில் பிடித்து வையுங்கள். சுசூகாவிலேயே தங்கலாம் என்று தேடினால் மனம் நொந்து போகும், சின்ன ஊர் அது. வியாழன் முதல் திங்கள் காலை வரை நான்கு இரவு போடுங்கள். ஞாயிறு இரவு எதற்கு என்பது பின்னால் புரியும்.

படி 3: எந்த இருக்கை?

சுசூகா தடம் 5.807 கிலோமீட்டர், எட்டு எண் போலத் தன்னையே தாண்டிப் போகும். 1962இல் ஹோண்டா கட்டியது. முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு டி ஸ்டாண்டுக்கு. எஸ் வளைவுகளில் கார் இடம் வலமாகப் புரளும் வேகம் தொலைக்காட்சியில் தெரியவே தெரியாது. நாங்கள் போன வருடம் முதல் சுற்றிலேயே ரிக்கியார்டோ, ஆல்பன் இருவரின் கார்களும் மோத, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். "இவ்வளவுதானா, முடிந்ததா?" என்று மனைவி ஆவலோடு கேட்டார்.

காசு குறைவாக இருந்தால் மேற்குப் பகுதிப் பொது டிக்கெட் எடுங்கள். வெள்ளிக்கிழமை பல ஸ்டாண்டுகளில் இருக்கை எண் பார்க்காமல் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். எவை என்று அந்த வருடப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு சுற்று நடந்து எல்லா வளைவுகளையும் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 4: தடத்துக்குப் போவது (நான் விழுந்த பள்ளம்)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நாகோயாவிலிருந்து சுசூகாவுக்கு இரண்டு ரயில் வழிகள்.

ஒன்று, ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்திலிருந்து 'மியே' என்ற விரைவு ரயில். இது நடுவில் ஜேஆர் தண்டவாளத்தை விட்டு இசே ரயில்வே என்ற வேறொரு நிறுவனத்தின் பாதையில் ஏறும். 'சுசூகா சர்க்யூட் இனோ' என்ற நிலையத்தில் இறங்கி இருபது இருபத்தைந்து நிமிடம் நடந்தால் தடம்.

இரண்டு, கின்டெட்சு என்ற தனியார் ரயில். நாகோயாவில் அதன் நிலையம் ஜேஆருக்குப் பக்கத்திலேயே நிலத்தடியில் இருக்கிறது. ஷிரோகோவில் இறங்கி, பந்தய நாட்களில் ஓடும் சிறப்புப் பேருந்தில் ஏற வேண்டும். ஷிரோகோவிலிருந்து நடக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நான் என்ன செய்தேன்? ஊரில் யாரோ சொன்னார்கள் என்று ஆளுக்கு ஒரு ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜேஆர் ரயில்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் சீட்டு) வாங்கியிருந்தேன். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது எனக்கு உறைக்கவே இல்லை. 'பாஸ்தான் இருக்கிறதே' என்று மியே ரயிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். நடத்துனர் வந்து, குனிந்து வணங்கி, வரைபடத்தில் ஒரு துண்டைச் சுட்டிக் காட்டினார். அந்தத் துண்டு ஜேஆருடையது அல்ல, அதனால் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். சில நூறு யென்தான். ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன். டோக்கியோ–நாகோயா புல்லட் ரயில் சுமார் 11,000 யென், நாகோயா–கியோட்டோ சுமார் 6,000, கியோட்டோ–ஒசாகா சாதாரண ரயிலில் 600க்கும் கீழே. ஆளுக்கு 18,000 தேறாத பயணத்துக்கு 50,000 கொடுத்திருக்கிறேன்! மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஆகவே இந்தப் பயணத்துக்கு ஜேஆர் பாஸ் வேண்டவே வேண்டாம். பணம் ஏற்றி, நிலைய வாசலில் தட்டிப் போகும் ஐசி அட்டை ஒன்று எடுங்கள், சுயிகாவோ இகோகாவோ. கின்டெட்சுவில் 'எக்ஸ்பிரஸ்' ஏறினால் அட்டையைத் தட்டினால் போதும். 'லிமிடெட் எக்ஸ்பிரஸ்' என்றால் பயணக் கட்டணத்துக்கு மேல் தனி இருக்கைச் சீட்டும் வாங்க வேண்டும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், பிளாட்பாரத்தில் அவசரமாக ஏறும்போது கவனம். ஷிரோகோவுக்கு எக்ஸ்பிரஸே போதும், முக்கால் மணி நேரம்தான்.

படி 5: ரேஸ் பிடிக்காதவருக்கும் அதே பாதை

கின்டெட்சுவை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதே பாதையில் ஷிரோகோவைத் தாண்டிப் போனால் இசே வரும். சனிக்கிழமை காலை இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். நான் ஷிரோகோவில் இறங்கினேன், அவர் இசே கோயிலுக்குப் போனார். ஜப்பானியர்களுக்கு அதுதான் கோயில்களில் முதன்மையானது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே மாற்றுவார்கள். கடைசியாக 2013இல் நடந்தது, அடுத்தது 2033. நம்மூர்க் கும்பாபிஷேகம் நினைவுக்கு வந்தாலும், இங்கே மரத்தூண் முதல் கூரை வரை எல்லாமே புதிது.

கோயில் வாசல் தெருவில் அகாஃபுகு என்ற இனிப்பு விற்கிறார்கள். அரிசி மாவுருண்டை மேல் சிவப்புப் பயறு விழுது, நம் பூரணக் கொழுக்கட்டையின் தூரத்து உறவு. சைவம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜப்பானில் பார்வைக்குக் காய்கறியாகத் தெரியும் குழம்பிலும் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். சைவக்காரர்கள் தடத்துக்குக் கையில் சாப்பாடு கொண்டுபோங்கள். குப்பைக்கு ஒரு பையும் வேண்டும், தெருவில் தொட்டிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படி 6: ஞாயிறு இரவு எங்கும் போகாதீர்கள்

பந்தயம் மதியம் 2 மணிக்கு, நாலு மணிக்குள் முடிந்துவிடும். அதை நம்பி அன்றிரவே கியோட்டோவில் அறை போட்டிருந்தேன். கொடி விழுந்ததும் எழுந்து ஓடினேன். என்னோடு ஒரு ஊரே ஓடியது. வரிசையில் ஒன்றரை மணி நேரம், நாகோயா விடுதியில் விட்டிருந்த பெட்டியை எடுக்க ஒரு ஓட்டம், கியோட்டோ சேரும்போது மணி பத்தரை. அவசரப்படாத ஜப்பானிய ரசிகர்களோ ரேஸ் காரின் பின்னிறக்கை போல அசையும் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, இருட்டும் வரை ஸ்டாண்டிலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்களும் அப்படியே இருங்கள். ஏப்ரல் மாலை குளிரும், ஒரு கனமான ஜாக்கெட் வேண்டும்.

படி 7: பெட்டியை அனுப்பிவிட்டு நீங்கள் போங்கள்

திங்கள் காலை பெரிய பெட்டியை விடுதி வரவேற்பிலேயே கொடுத்து, அடுத்த விடுதிக்கு 'தக்யூபின்' போடச் சொல்லுங்கள். கருப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டியில் பெரும்பாலும் மறுநாள் வந்து சேரும். மூன்று பக்க அளவும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குப் புல்லட் ரயிலில் தனி இருக்கை முன்பதிவு வேண்டும், அந்தத் தலைவலியும் போகும். கியோட்டோ, நாரா பற்றி நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. நாராவில் மான்களுக்குப் பிஸ்கட் கொடுக்கும்போது வரைபடத்தைப் பையில் வையுங்கள், தின்றுவிடும்.

பின்சேர்க்கை 1: நாகோயாவில் ரேஸ் ரசிகர் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்கள். டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் கார் இருக்காது, தறிதான் இருக்கும். தறியில் தொடங்கிய குடும்பம் அது, ஜி வகைத் தானியங்கித் தறியைச் சாகிச்சி டொயோடா 1924இல் முடித்தார். நான் கோவைக்காரன். மில்லும் ரேஸும் ஒரே ஊரில் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. நாராயண் கார்த்திகேயனும் எங்கள் ஊர்தான், அவர் ஜப்பானில் பல வருடம் ஓட்டியவர். தறிப் பக்கத்திலேயே எனக்கு இரண்டு மணி நேரம் போனது.

பின்சேர்க்கை 2: மேலே சொன்னதை நம்பித் திங்களன்று போய் மூடிய கதவைப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், திங்கள் விடுமுறை. வியாழனே போய்விடுங்கள்.

பின்சேர்க்கை 3: 2026 பந்தயத் தேதி மார்ச் 27 முதல் 29 வரை. பூ முழுதாக மலர்ந்திருக்கும் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.