பிறவிக் கழுத்துச் சாய்வு: பயிற்சி, கத்தி, மறுபடியும் பயிற்சி

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் கைக்குழந்தை பாதி நாள் தூளியில்தான் கிடக்கும். தூளித் துணி தலையை இரு பக்கமும் அணைத்துக்கொள்வதால் கழுத்துச் சாய்வு கண்ணில் படாது. பாயில் மல்லாக்கப் போட்டு, தோள் இரண்டையும் சமமாக வைத்து நேர் மேலே இருந்து பாருங்கள். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்து, மாதம் ஒருமுறை அதே மாதிரி எடுத்து வாருங்கள். பின்னால் டாக்டருக்கு இது பெரிய உதவி.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை (கேஸ் ஷீட்டில் எஸ்.சி.எம். என்று எழுதுவார்கள்) ஒரு பக்கம் இறுகிக் குட்டையாகியிருப்பதுதான் பெரும்பாலான சாய்வுக்குக் காரணம். வலது தசை இறுகினால் தலை வலது தோளுக்குச் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். "குழந்தை இடப்பக்கமே பார்க்குது" என்று சொன்னதைக் கேட்டு இடது கழுத்தையே நீவிக்கொண்டிருப்பார்கள். எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று கேட்டு, பக்கத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தத் தசையில் கொட்டை மாதிரி ஒரு கட்டி தட்டுப்படலாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரையும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் அதை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள்.

வலது தசை என்றால் நீட்டும் பயிற்சி இப்படி: ஒருவர் வலது தோளை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் இடது காதை இடது தோளுக்கு மெல்லக் கொண்டுபோக வேண்டும். அடுத்து முகவாயை வலது தோள் பக்கம் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் 15 முதல் 30 விநாடி பிடித்து, பிசியோதெரபிஸ்ட் சொன்ன எண்ணிக்கைப்படி பகலில் பல தடவை செய்யுங்கள். குழந்தை முறுக்கிக்கொண்டு அழுதால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் தசை கிழியலாம். விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். கிலுகிலுப்பையை வலப்பக்கமிருந்து ஆட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தியே வேண்டியிருக்காது.

பயிற்சிக்கு முன்பே விலக்க வேண்டியவை சில உண்டு. கழுத்து குட்டையாக, பின்முடி தாழ்வாக, எந்தப் பக்கமும் சரியாகத் திரும்பாமல் இருந்தால் கழுத்தெலும்புகள் ஒட்டியிருக்கலாம். இதற்கு கிளிப்பெல்-ஃபெயில் என்று பெயர், 1912ல் விவரிக்கப்பட்டது. அந்தக் கழுத்தை இழுக்கவே கூடாது. மயக்க மருந்துக்குக் குழாய் இறக்குவதும் அங்கே கஷ்டம். தசை மெத்தென்று இருந்தும் தலை சாய்ந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்; மாறுகண்ணைச் சமாளிக்கவும் குழந்தை தலையைச் சாய்க்கும். நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று சாய்ந்தால் அது பிறவிக் கோளாறு இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்துச் சாய்வோடு இடுப்பு மூட்டு விலகலும் சில குழந்தைகளுக்கு இருப்பதால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சாய்வு போகாவிட்டால், திரும்புவதில் 30 டிகிரிக்கு மேல் குறைந்தால், முகம் ஒரு பக்கம் சிறுத்து வந்தால் அறுவை. ஒரு வயதுக்குப் பிறகு, பள்ளி சேர்க்கும் முன் செய்வது நல்லது. தள்ளிப்போடப் போட முகக் கோணல் நேராவது குறையும்.

முழு மயக்கத்தில் காறை எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோல் மடிப்பு வாக்கில் 3–4 செ.மீ. கீறுவார்கள். எலும்பின் மேலேயே கீறினால் தழும்பு தடிக்கும். நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் ஒட்டியிருக்கும் தசையின் இரண்டு கால்களையும் தனியே தூக்கி வெட்டுவார்கள். பின்னாலேயே பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுவதால் அந்த இடத்தில் அவசரமே கூடாது. பிறகு தலையைத் திருப்பி, விரலால் தடவி, மிச்சமிருக்கும் நார்ப்பட்டைகளையும் வெட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் சாய்வு திரும்பும். பெரிய பிள்ளைகளுக்கும் மோசமான இறுக்கத்துக்கும் காதுக்குப் பின்னாலும் வெட்டுவார்கள். அங்கே தோளைத் தூக்கும் நரம்பும் முக நரம்பும் பக்கத்தில் உண்டு. நெஞ்செலும்புக் காலை வெட்டி விடாமல் இசட் வடிவில் நீளமாக்கினால் முன்கழுத்தின் 'வி' வடிவம் கெடாமல் இருக்கும். பெண் பிள்ளை என்றால் பெற்றோர் இதைத் தனியாகவே கேட்பார்கள். பையனுக்கும் கேட்கலாம்.

அறுவைக்கு முன் பசும்பால், புட்டிப்பால், சாப்பாடு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். பாட்டி ஊட்டிவிடும் ஒரு வாய் பாலுக்காக ஆபரேஷன் தள்ளிப்போவது உண்டு. தலைவழியாக மாட்டும் பனியன் வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டு ரேஷன் கார்டோடு கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள், காப்பீடு செல்லுமா என்று தேதி வாங்கும் முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள்.

புண் ஆறத் தொடங்கியதும், ஒன்று இரண்டு வாரத்தில், அதே நீட்டும் பயிற்சி மறுபடியும். கழுத்துப் பட்டையை டாக்டர் சொன்ன காலம்வரை போட வேண்டும். அறுவைக்குப் பின் சாய்வு திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் இந்தப் பயிற்சியை விடுவதுதான்: வெட்டிய இடம் தழும்பாகச் சுருங்கி, புதிய கயிறாகக் கழுத்தை இழுக்கும். குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதம். சாய்ந்தே பழகிய பிள்ளைக்கு நேராக நிற்பதே கோணலாகத் தோன்றும். அதனால் தினமும் கண்ணாடி முன் நிறுத்தி, மூக்கும் சட்டைப் பட்டனும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள்.