நீராவி ஜாக்கெட் கொண்ட பீர் தொட்டி: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் மதுவகங்களோடு இணைந்து இயங்கும் சிறு பீர் ஆலை ஒன்றுக்கு 1,000 லிட்டர் மாஷ் தொட்டி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டைச் சூடான நீரில் கரைத்த கூழே மாஷ். வரைபடம் வழக்கமாகத் தகட்டின் தடிமன், உட்புற மெருகு, மேல்மூடியின் அளவு ஆகியவற்றில் தொடங்குகிறது. அவையெல்லாம் முடிவான பிறகு மிஞ்சிய சுவரில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஜாக்கெட், அதாவது நீராவி ஓடும் இரண்டாம் சுவர், சுற்றப்படுகிறது. பின்னால் முளைக்கும் தொல்லைகளில் பல இந்த வரிசைமாற்றத்திலிருந்தே பிறக்கின்றன. வெப்பம் கடக்க வேண்டிய பரப்பைக் கணக்கிட்டுவிட்டுத்தான் தொட்டியின் விட்டத்தையும் உயரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு கடினமானதன்று. மாஷ் கூழ் 1,000 கிலோ இருந்தால், அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3,700 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்னும் வழக்கமான வேகத்துக்கு இது சுமார் 62 கிலோவாட் ஆகிறது. ஒரு பார் அளவி அழுத்தத்தில் (அதாவது காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பார்) நீராவியின் வெப்பநிலை சுமார் 120 டிகிரி செல்சியஸ். வெப்பக் கடத்தல் கெழுவைச் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 600 வாட் என்று அடக்கமாக எடுத்துக்கொண்டால், கூழ் 65 டிகிரியில் இருக்கும்போது 1.9 சதுர மீட்டர் பரப்பே போதுமானதாகத் தோன்றும். ஆனால் அதே கூழ் 78 டிகிரியை நெருங்கும்போது வெப்பநிலை வேறுபாடு 42 டிகிரியாகச் சுருங்கிவிடுவதால் 2.5 சதுர மீட்டர் தேவைப்படுகிறது. தொடக்க நிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டவரின் தொட்டி, கடைசிப் பத்து டிகிரியில் இழுத்தடிக்கும். இந்த வேகத்துக்கு மணிக்கு நூறு கிலோ நீராவி செலவாகும் என்பதையும், அதே நேரத்தில் கொதிகலனிலிருந்து வோர்ட் (மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) காய்ச்சும் தொட்டியும் நீராவி கேட்கும் என்பதையும் சேர்த்தே பாய்லரின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய தொட்டியில் சரியாக இயங்கிய வடிவத்தை அப்படியே பெரிதாக்குவதும் இதே வகைத் தவறுதான்: கொள்ளளவு பத்து மடங்காகும்போது சுவர்ப் பரப்பு 4.6 மடங்குதான் கூடுகிறது.

பரப்புக் குறைவை அழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். மூன்று பார் அழுத்தத்தில் நீராவி 144 டிகிரியை எட்டும் என்பது உண்மையே. ஆனால் சுவரை ஒட்டிய கூழில் நொதிகள் அழிந்து, மாவு தீய்ந்து, அந்தக் கருகல் வாடை பீர் வரை வந்து சேர்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, அந்த அழுத்தம் தொட்டியின் உட்சுவரை வெளியிலிருந்து அழுத்துகிறது என்பது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தை எளிதாகத் தாங்கும் மெல்லிய உருளைத் தகடு, வெளி அழுத்தத்தில் திடீரென உள்வாங்கி மடிந்துவிடும். ஆகவே வழுவழுப்பான இரட்டைச் சுவரைவிட, நெருக்கமான இடைவெளிகளில் உட்சுவரோடு பற்றவைக்கப்படும் குழிப் புள்ளி (டிம்பிள்) ஜாக்கெட்டே சிறு ஆலைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அமெரிக்கச் சிறு ஆலைகள் பலவும் 15 பிஎஸ்ஐக்கு (சுமார் ஒரு பார்) உட்பட்ட நீராவியையே விரும்புவதற்கு, அந்த எல்லைக்குக் கீழே அழுத்தக் கலன் விதிகளின் கெடுபிடி தளர்வது ஒரு காரணம். கூழ் தீயாமல் இருப்பது இன்னொரு காரணம்.

ஜாக்கெட்டை எங்கே பொருத்துகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தொட்டியின் விளிம்பு வரை ஒரே ஜாக்கெட்டாகச் சுற்றினால், குறைந்த அளவில் காய்ச்சும் நாளில் திரவத்துக்கு மேலே உள்ள சுவர் வெறுமனே சூடேறி, அதில் தெறித்த வோர்ட் பொருக்காகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதிக்கும் பக்கச் சுவருக்கும் தனித்தனி ஜாக்கெட்டும் தனித்தனி வால்வும் வைத்து, பக்க ஜாக்கெட்டின் மேல் விளிம்பைக் குறைந்தபட்சத் திரவ மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். மாஷ் செய்வதையும் வடிகட்டுவதையும் ஒரே தொட்டியில் செய்யும் ஆலைகளில் இன்னொரு பிழை மிகப் பரவலாக உள்ளது. கூழைத் தாங்கி வோர்ட்டை வடியவிடும் துளைத்தட்டுக்குக் கீழே அடி ஜாக்கெட் வைத்தால் அது தட்டுக்கு அடியில் உள்ள திரவத்தை மட்டுமே கொதிக்கவைக்கும். மேலே உள்ள கூழுக்கு அந்த வெப்பம் போய்ச் சேராது. கலக்கியோ மறுசுழற்சி பம்போ இல்லாத தொட்டிக்கு ஜாக்கெட் வாங்குவது வீண்செலவு. அத்தகைய ஆலை, சரியான சூட்டில் நீர் ஊற்றி ஒரே வெப்பநிலையில் மாஷ் செய்யும் முறையோடு நின்றுகொள்வது நல்லது.

நீராவி மேலிருந்து நுழைந்து, குளிர்ந்து நீராகி, அடியிலிருந்து ஸ்டீம் ட்ராப் (நீராவியைத் தடுத்து நீரை மட்டும் விடும் வால்வு) வழியே வெளியேற வேண்டும். இதைத் தலைகீழாக இணைத்தால் தேங்கிய நீர் ஜாக்கெட்டின் கீழ்ப்பாதியைச் செயலற்றதாக்குவதோடு, நீராவி மோதும்போது குழாய்களில் சம்மட்டியடி போன்ற அதிர்வையும் உண்டாக்கும். தொடக்கத்தில் ஜாக்கெட்டினுள் இருக்கும் காற்றை வெளியேற்ற வழி இல்லையென்றால், அழுத்தமானி ஒரு பார் காட்டினாலும் உள்ளே வெப்பநிலை 120 டிகிரியை எட்டாது. வால்வை மூடிய பின் நீராவி ஒடுங்கி, தன் கன அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது வெற்றிடம் உருவாகி, நீர் வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிடும்; சிறு தொகையை மிச்சப்படுத்த நினைத்துப் பலர் விட்டுவிடும் வெற்றிட முறிப்பு வால்வு இதற்காகத்தான். தொட்டியின் உட்புறத்துக்கும் இதே ஆபத்து உண்டு. சூடான காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவிய உடனே, காற்றுப்போக்கியை அடைத்துவைத்துக் குளிர்ந்த நீரைத் தெளித்தால் தொட்டியே உள்நோக்கி நசுங்கிவிடும்.

வெப்ப உணரியை ஜாக்கெட் உள்ள சுவரை ஒட்டிப் பொருத்தினால் அது கூழின் வெப்பநிலையைக் காட்டாது, சுவரின் வெப்பநிலையையே காட்டும். அதைக் கலக்கியின் ஓட்டத்தில், போதிய நீளமுள்ள உறைக்குள் வைக்க வேண்டும். வால்வு மூடிய பின்னும் சுவரிலும் ஒடுங்கிய நீரிலும் எஞ்சிய வெப்பம் கூழை மேலும் சூடாக்குவதால், இலக்குக்குச் சற்று முன்பே நிறுத்துமாறு கட்டுப்பாட்டை அமைக்க வேண்டும். 63 டிகிரியில் நிற்க வேண்டிய கூழ் 68 டிகிரிக்குப் போனால் மாவைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் நொதி விரைவில் அழிந்து, பீரின் அடர்த்தியும் இனிப்பும் மாறிவிடும். வோர்ட் காய்ச்சும் தொட்டியில் பெங்களூருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள அந்நகரில் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. கட்டுப்பாட்டில் 100 டிகிரி என்று இலக்கு வைத்தால் அது ஒருபோதும் எட்டப்படாது. வால்வு முழுவதும் திறந்தே கிடக்க, நுரை பொங்கி வழியும்.

உலோகத்தைப் பொறுத்தவரை 304 வகைத் துருப்பிடிக்கா எஃகே பெரும்பாலும் போதும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் குளோரைடு அதில் விரிசலை உண்டாக்கக்கூடும் என்பதால், காப்புப் பஞ்சுக்குள் கழுவும் நீர் இறங்காதபடி வெளியுறையின் இணைப்புகளை அடைக்க வேண்டும். அந்தப் பஞ்சைச் சுற்றுவதற்கு முன்பாகவே ஜாக்கெட்டில் நீர் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.3 மடங்குக்கு ஏற்றி, தொட்டி காலியாக இருக்கும் நிலையில் உட்சுவரின் ஒவ்வொரு பற்றவைப்பையும் விளக்கு வைத்துப் பார்த்துவிட வேண்டும். உறை போட்ட பிறகு கண்டுபிடிக்கும் கசிவுக்கு, முழு உறையையும் வெட்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.